யாரும் வைக்காத பந்தயம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கப் புறப்படுகிறவர்களில் எத்தனை பேர் நடுவழியில் தாயுமானவர் சந்நிதியில் 'சற்று' உட்கார்ந்து, பிள்ளையாருக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தால் வெகு சுவாரஸ்யமாக இருக்கும். அந்தக் கணக்கில் நம்முடைய பெயரும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஆகையால், இனி நாம் சொல்லப்போகும் மனிதர்களைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்டால், ஒரு யோக்கியதையும் இல்லை என்பதே பதில். ஆயினும் படியேறி மூச்சு வாங்கியவனுக்குத்தானே மூச்சின் அருமை தெரியும்!

ஓட்டப் பந்தயம் என்றால் அதற்கு ஒரு சங்கம் வேண்டும்; சங்கத்துக்கு ஒரு காரியதரிசி வேண்டும்; சுண்ணாம்புக் கோடு, கொடி, வெள்ளிக் கோப்பை, கோப்பையை வழங்க ஒரு பெரிய மனிதர், அவர் செய்யும் நீண்ட பிரசங்கம் எல்லாம் வேண்டும். நாம் எழுதப் புகுந்த பந்தயத்தில் இவற்றுள் ஒன்றும் கிடையாது. ஒரு மனிதன் தன் வீட்டு வாசலில் நின்று எதிரே தெரியும் மலைகளைப் பார்க்கிறான். 'இவை அத்தனையையும் ஒரே தொடராக ஏறி இறங்கி வந்தால் என்ன?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். வழியை வகுப்பவனும் அவனே. நிபந்தனை விதிப்பவனும் அவனே. தோற்றால் தண்டனை அடைவதும் அவனுடைய கால்களே. பகலென்றும் இரவென்றும் பாராமல் ஐந்து நாள், ஆறு நாள், ஏழு நாள் மலைமேல் ஓடிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேருகிறான். கையில் கிடைப்பது ஒன்றுமில்லை.

இது நடக்கும் இடம் இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் ஏரி நாடு என்று பெயர் பெற்ற மலைப் பிரதேசம். வோர்ட்ஸ்வொர்த் என்ற கவி வாழ்ந்த சீமை அது. அங்கே பூக்கும் ஒரு மஞ்சள் பூவைப் பற்றி அவர் பாடியதை, அந்தப் பூவைக் கண்ணாலும் கண்டிராத நம் வீட்டுப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதி வந்தார்கள். அதே மலைகளில் ஆடு மேய்த்த ஒருவரைப் பற்றி எந்தப் பாடப் புத்தகமும் நமக்குச் சொல்லவில்லை. கவியைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆட்டுக்காரருக்குச் சேர வேண்டிய பங்கை இப்போது கொடுத்துவிட வேண்டும் என்பதே நமது எண்ணம்.

உயரத்தைக் கேட்டால் நேயர்கள் சிரிப்பார்கள். இங்கிலாந்து முழுவதிலும் உயர்ந்த சிகரமாகிய ஸ்காபெல் பைக் 3,209 அடிதான். நம் கொடைக்கானல் ஏரிக்கரையில் காலைக் காற்று வாங்க உலாவுகிறவர் அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் உலாவுகிறார். ஆனால் மலையின் குணம் உயரத்தில் மட்டும் இல்லை. அங்கே பாதை என்று சொல்லத்தக்கது பல இடங்களில் இல்லை. சேறும், வழுக்குப் பாறையும், காலை வைத்தால் சரசரவென்று சரியும் கற்குவியலும்தான். மேற்கே சமுத்திரத்திலிருந்து வரும் மேகம் முழுவதும் இம்மலைகளில் வந்து மோதுகிறது. ஸீத்வெயிட் என்ற சிற்றூரில் வருஷத்துக்கு 120 அங்குலத்துக்கு மேல் மழை. சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு பங்குக்கும் அதிகம். மூடுபனி இறங்கிவிட்டால் பத்து அடிக்கு அப்பால் பாறையா பள்ளமா என்று தெரியாது.

இந்தப் பிரதேசத்தில் கெஸ்விக் என்று ஒரு சிறு பட்டணம் உண்டு. அதன் கடைத்தெரு நடுவில் 1813-ஆம் வருஷத்தில் கட்டிய மூட் ஹால் என்ற பொதுக் கட்டடம் நிற்கிறது. அதன் கோபுரத்தில் ஒரு கடிகாரம். அதற்கு ஒரே முள். நிமிஷ முள் கிடையாது. மணிக்கணக்கில் மட்டும் வாழ்ந்த காலத்தின் ஞாபகச் சின்னம்போல் அது தொங்குகிறது. நிமிஷத்துக்கும் விநாடிக்கும் உயிரைக் கொடுக்கும் இந்த ஓட்டக்காரர்கள் அந்த ஒற்றை முள்ளின் அடியிலிருந்துதான் வழக்கமாகப் புறப்படுகிறார்கள்!

1932-ஆம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி இரவு ஒரு மணிக்கு அங்கிருந்து ஒருவர் புறப்பட்டார். பாப் கிரஹாம் என்று பெயர். கெஸ்விக்கில் யாத்திரிகர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுக்கும் விடுதி ஒன்றை நடத்தியவர். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. கால்களில் சாதாரண டென்னிஸ் ஜோடு, அரைக் கால்சட்டை, மேலே இரவில் படுக்கும்போது அணியும் பைஜாமாச் சட்டை. ரொட்டியும் வெண்ணெயும், அரைவேக்காட்டு முட்டையும், பழமும் மிட்டாயும் அவருடைய ஆகாரம். (இந்த ஜாபிதாவில் மாமிசம் இல்லை என்பதை, மாமிசம் தின்னாவிட்டால் பலம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்.) நாற்பத்திரண்டு சிகரங்களை ஏறி இறங்கி, 23 மணி 39 நிமிஷத்தில், மறுநாள் பிறந்து நாற்பது நிமிஷம் ஆவதற்குள் அதே இடத்தில் வந்து நின்றார். சுமார் 66 மைல் தூரம். மொத்தம் ஏறிய உயரம் சுமார் 27,000 அடி. அடுத்தபடியாக இன்னொருவர் இதைச் செய்து முடிப்பதற்கு இருபத்தெட்டு வருஷங்கள் ஆயின. 1960-இல் அதைச் செய்தவர் ஆலன் ஹீட்டன். இப்போதோ 'பாப் கிரஹாம் சுற்று' என்று அதற்குப் பெயரே வழங்குகிறது.

அந்த 1932-ஆம் வருஷத்தை இன்னொரு காரணத்துக்காகவும் நாம் குறிப்பிட வேண்டும். கிரஹாம் ஓடுவதற்கு ஐம்பது நாள் முன்பு, ஏப்ரல் 24-ந் தேதியன்று, இங்கிலாந்திலேயே வேறொரு மலையாகிய கிண்டர் ஸ்கௌட்டின்மேல் சுமார் நானூறு பேர், பெரும்பாலும் ஆலைத் தொழிலாளிகளான வாலிபர்கள், அனுமதியில்லாமல் ஏறினார்கள். அது பறவை வேட்டையாடும் சீமான்களுக்குச் சொந்தமான மலை. காவற்காரர்கள் தடியுடன் நின்றார்கள். கைகலப்பு நேர்ந்தது. வாலிபர்களில் ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை கிடைத்தது. அதே சமயத்தில் மகாத்மா எரவாடாச் சிறையில் இருந்தார். நம் தேசத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சிறையில் இருந்தார்கள். தன் நாட்டு மலைமேல் தான் நடப்பதற்கு ஒருவன் சிறை செல்ல வேண்டியிருந்த தேசம் நம்முடையது மட்டுமல்ல என்பதை நினைக்கும்போது, ஆண்டவர்களுக்கும் ஆங்கிலேய ஜனங்களுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குப் புலனாகிறது. மலைகளில் பொது ஜனங்கள் நடமாடும் உரிமைக்குச் சட்டம் 1949-இல் பிறந்தது. ஏரி நாடு தேசியப் பூங்காவானது 1951-இல்.

இனி ஒரு கணக்கரின் கதை. ஆல்பிரட் வெயின்ரைட் என்பவர் பிளாக்பர்ன் என்னும் ஆலை நகரத்தில் 1907-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்து மூன்றாம் வயதில் முதன்முதலாக ஏரி நாட்டைக் கண்டார். கண்டவர் அதைவிட்டு மனசை மீட்கவே இல்லை. கெண்டல் நகரசபையில் உத்தியோகம் தேடிக்கொண்டு வந்து, அங்கே பொக்கிஷதாரராக உயர்ந்தார். பகலெல்லாம் நகரசபைக் கணக்கு. விடுமுறை நாளில் பஸ்ஸில் போய் மலை ஏறுவது. இரவில் மேஜை முன் உட்கார்ந்து தாம் ஏறிய மலையைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து, விவரங்களை அச்சுப்போல் கையாலேயே எழுதுவது. 1952-ஆம் வருஷம் நவம்பரில் தொடங்கி, பதின்மூன்று வருஷத்தில் முடிப்பதென்று திட்டம் போட்டு, குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே முடித்தாராம். கணக்கர் என்றால் இவரல்லவோ கணக்கர்! 1955 முதல் 1966 வரை ஏழு புத்தகங்கள் வெளிவந்தன. அவற்றில் இடம்பெற்ற மலைகள் 214. ஒன்று ஸ்காபெல் பைக். இன்னொன்று ஆயிரம் அடிகூட எட்டாத காஸில் கிராக் என்ற குன்று. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதெல்லாம் அந்த ஒரு மனிதரின் இஷ்டம். அவர் எழுதியது நிதானமாக நடந்து பார்ப்பவர்களுக்காக. இருந்தபோதிலும், எங்கே ஒரு ஜாபிதா பிறக்கிறதோ அங்கே 'இதை முழுவதும் செய்து முடித்தால் என்ன?' என்று ஒருவன் புறப்பட்டு விடுகிறானே!

அப்படிப் புறப்படுகிறவனுக்கு முதல் கஷ்டம் காலில் இல்லை, தலையில் இருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு மலைகளை எந்த வரிசையில் ஏறுவது? இருக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கையை எழுதப் புகுந்தால் அந்த எண்ணில் நானூற்றுக்கு மேற்பட்ட இலக்கங்கள் வரும். நமது கட்டுரையில் ஒரு பத்தியை அதுவே விழுங்கிவிடும். இரும்புச் சாமான் விற்கும் பிரயாண வியாபாரி பல ஊர்களுக்கும் மிகக் குறைந்த தூரத்தில் போய்வருவது எப்படி என்று கணித சாஸ்திரத்தில் ஒரு பெயர் பெற்ற புதிர் உண்டு. இது அந்தப் புதிரேதான்; ஆனால் வியாபாரிக்கு இல்லாத சங்கடங்கள் இவனுக்கு உண்டு. குறுகிய வழியே விரைவான வழி என்று சொல்ல முடியாது. நேர்க்கோட்டில் போனால் இடுப்பளவு புதர். சுற்றிப் போனால் ஓடத்தக்க புல்வெளி. ஒரு மலையை வடக்கே ஏறித் தெற்கே இறங்கினால் முழங்கால் தப்பும். தெற்கே ஏறி வடக்கே இறங்கினால் தப்பாது. பாறையில் தொற்றி இறங்க வேண்டிய இடம் நடுநிசியில் வந்து சேராதபடி கணக்கிட வேண்டும். துணைவர்கள் காரில் சோறும் உலர்ந்த உடையும் கொண்டுவந்து காத்திருக்கச் சாலை எங்கே மலையைத் தொடுகிறதோ, அங்கே வந்து இறங்க வேண்டும். உறக்கத்துக்கு எத்தனை மணி, எந்த ஊரில் என்பதையும் வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே நிச்சயித்தாக வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே நல்ல இருட்டு சொற்ப நேரம்தான். ஆகையால் பெரும்பாலோர் அந்த மாதத்தையே விரும்புகிறார்கள். மாதக்கணக்கில் வரைபடத்தின்மேல் குனிந்து உட்கார்ந்து இவ்வளவும் செய்த பிறகு, மூன்றாம் நாள் ஒரு மூடுபனி வந்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

1981-இல் கிரிஸ் பிளாண்ட் என்பவர் ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் வீதம் ஏழு நாளில் முடிக்கப் பார்த்து, 192 மலைகளோடு நிற்க நேர்ந்தது. 1985-இல், முன்பு நாம் சொன்ன அதே ஆலன் ஹீட்டன், 9 நாள் 16 மணி 42 நிமிஷத்தில் 214 மலைகளையும் தொடர்ச்சியாக முடித்தார். அடுத்த வருஷம் வந்தார் நமது ஆட்டுக்காரர்.

ஜாஸ் நெய்லர் 1936-இல் வாஸ்டேல் பள்ளத்தாக்கில் பிறந்தவர். இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரி ஒரு பக்கம், ஸ்காபெல் மலைகள் மறுபக்கம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தகப்பனாரின் பண்ணையில் ஆடுகளோடு இறங்கியவர். இப்படிப்பட்டவர் பிறவியிலேயே இரும்புத் தேகம் படைத்தவராக இருந்திருப்பார் என்றுதான் நேயர்கள் நினைப்பார்கள். விஷயம் நேர்மாறானது. சிறு வயதிலேயே முதுகில் அடிபட்டவர். பத்தொன்பதாம் வயதில் ஒரு முழங்காலிலிருந்து குருத்தெலும்பை வெட்டி எடுத்தார்கள். இருபத்திரண்டாம் வயதில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் இரண்டை எடுத்தார்கள். தேகம் தகுதியற்றது என்று கட்டாய ராணுவ சேவையிலிருந்தும் விலக்கி விட்டார்கள். ஆகக்கூடி, சர்க்கார் வைத்தியர்களின் அபிப்பிராயத்தில் அவர் ஒன்றுக்கும் உதவாதவர்.

1960-இல் அவருடைய ஊரிலேயே ஒரு மலைப் பந்தயம் நடந்தது. வேடிக்கை பார்க்கப் போன மனிதர், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கனத்த பூட்ஸுடனும் முழங்காலுக்குக் கீழே கத்தரித்துவிட்ட கால்சட்டையுடனும் பந்தயக்காரர்களோடு சேர்ந்து ஓடினார். முன்னணியில் வெகு தூரம் ஓடியபின் தசை பிடித்துக்கொண்டது. அன்று ஆரம்பித்தது அந்தப் பித்து. 1971-இல் ஒரே நாளில் 61 சிகரங்கள், 1972-இல் 63, 1975-இல் கோடை வெயிலில் 23 மணி 20 நிமிஷத்தில் 72. இவ்வளவையும் அவர் செய்தது ஆடு மேய்க்கும் உத்தியோகத்தை ஒரு நாளும் விடாமல். ஓட்டம் முடிந்த மறுநாள் ஆடுகளுக்கு யார் பதில் சொல்வது?

அந்தப் பிரதேசத்து ஆடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஹெர்ட்விக் என்ற அந்த ஜாதி ஆடு, வேலியில்லாத மலையில் தன்னுடைய சரிவு எது என்று தானே அறிந்து, அதை விட்டு அகலாமல் மேயும். தாய் ஆட்டிடமிருந்து குட்டி அதைக் கற்றுக்கொள்கிறது. மந்தையை விற்கும்போதுகூட, மலையை அறிந்த ஆடுகளைப் பண்ணையோடு விட்டுவிட்டுப் போவது அங்கே வழக்கம். தலைமுறை தலைமுறையாக அவை மிதித்த ஒற்றைத் தடங்கள் மலை இடுப்பில் ஓடுகின்றன. அவற்றில் பல எந்த வரைபடத்திலும் இல்லை. மற்றவர்கள் காகிதத்தில் தேடிய வழி நெய்லரின் காலிலேயே இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

1986-ஆம் வருஷக் கோடையில், ஐம்பது வயது நிரம்பிய நெய்லர் 214 மலைகளுக்குமாகப் புறப்பட்டார். தூரம் 391 மைல். மொத்த ஏற்றம் 121,000 அடி. நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து மைல் ஓடி, பதினேழாயிரம் அடி ஏற வேண்டும். ஏறியதையெல்லாம் இறங்கவும் வேண்டும். இந்த இறக்கம் என்பதை நாம் லேசாக நினைக்கிறோம். ஏறும்போது மூச்சுத்தான் போகிறது. இறங்கும்போதோ தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்தியாக வேண்டும். இழை இழையாக அது கிழிந்துபோவது அப்போதுதான். இரண்டு நாளில் பாதம் வீங்கி ஜோடு கொள்ளாமற் போகும். மூன்றாவது இரவில் உறக்கமின்மையால் பாறை மனிதனாகத் தோன்றும், புதர் பேசும். நெய்லருக்குக் கடும் வெயிலும், ஜோடு அறுத்த கணுக்காற் புண்ணும் சேர்ந்து கொண்டன. ஆயினும் 7 நாள் 1 மணி 25 நிமிஷத்தில் முடித்தார். கணக்கு வைத்தவர்கள் மற்றொரு விந்தையைக் கவனித்திருக்கலாம்: கிரஹாமின் சுற்றை மறுபடி ஒருவர் செய்ய 28 வருஷம் பிடித்தது போலவே, நெய்லரின் இந்தக் காலத்தை இன்னொருவர் முந்தவும் சரியாக 28 வருஷம் பிடித்தது.

முந்தியவர் ஸ்டீவ் பர்கின்ஷா. வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி கண்டுபிடித்து ஓடும் பந்தயங்களில் தேர்ந்தவர். 2014-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், நெய்லரின் வழியைவிட வெகுவாகச் சுருக்கி, சுமார் 320 மைலில் வகுத்த வழியில் ஓடி, 6 நாள் 13 மணி 1 நிமிஷத்தில் மூட் ஹாலின் படிக்குத் திரும்பினார். ஊர் கூடி ஆரவாரம் செய்தது. நாம் வழக்கமாகப் படிக்கும் வீரக் கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். பர்கின்ஷாவின் கதையில் கஷ்டம் ஆரம்பித்ததே இதற்குப் பிறகுதான். ஓட்டம் முடிந்தபின் அவரை நாட்பட்ட அயர்ச்சி நோய் பற்றிக்கொண்டது. ஏழு நாள்கூட ஓடாத ஓட்டத்துக்கு உடம்பு மாதக்கணக்கில் வட்டி வாங்கிற்று. இதை அவர் மறைக்கவில்லை. 2017-இல் வெளியிட்ட தமது புத்தகத்தில் ஓட்டத்தின் கதையோடு அதன் பின்விளைவையும் எழுதியிருக்கிறார். 'நரகத்துக்கு வரைபடம் இல்லை' என்பது அந்தப் புத்தகத்தின் பெயருக்குப் பொருள். இப்படிப்பட்ட பிரயத்தனங்களைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்த அயர்ச்சியையும் சேர்த்து எழுதாவிட்டால், வாசிக்கும் வாலிபர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஓட்டங்களில் ஒருவரும் தன்னந்தனியாக ஓடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகுதிக்குப் பகுதி நண்பர்கள் மாறி மாறிக் கூட ஓடுகிறார்கள். தண்ணீரும் ஆகாரமும் சுமக்கிறார்கள். இருட்டில் வழி காட்டுகிறார்கள். சிகரத்தைத் தொட்டதற்குச் சாட்சியாகிறார்கள். ஒருவன் புகழுக்காக இருபது முப்பது பேர் தூக்கம் கெட்டு மழையில் நனைகிறார்கள். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் நடந்தபோது, அவர்களுக்குச் சோறு போடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவிட, தஞ்சை ஜில்லா ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள் அல்லவா? அந்த யாத்திரையையும் இந்த ஓட்டத்தையும் நாம் ஒரே தராசில் நிறுக்க மாட்டோம்; ஆனால் நெடுவழி நடப்பவன் பிறர் கைச் சோற்றில்தான் நடக்கிறான் என்பது இரண்டுக்கும் பொது.

துணைவர்கள் சோறு கொடுக்கலாம், வழி காட்டலாம். கையைப் பிடித்துக்கொள்ளலாமா? எழுதப்பட்ட சட்டம் இல்லாத இந்தப் பந்தயத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒரு ஸ்திரீ. ஸப்ரீனா வெர்ஜி கால்நடை வைத்தியர். (ஆட்டுக்காரருக்கும் ஆட்டு வைத்தியருக்கும் இந்த மலைகளோடு ஏதோ பூர்வ ஜன்ம பந்தம் இருக்கத்தான் வேண்டும்.) 2020-ஆம் வருஷம் ஜூலையில் 6 நாள் 17 மணி 51 நிமிஷத்தில் 214 மலைகளையும் முடித்தார். பெண்களில் அதற்கு முன் ஒருவரும் தொடர்ச்சியாக அதைச் செய்ததில்லை. உலகம் பாராட்ட வாய் திறக்குமுன் அவரே முன்வந்து, 'இதை என் சாதனையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். காரணம், முழங்கால் நோவினால் இறக்கங்களில் துணைவர்கள் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நேயர்கள் இதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். விசாரிக்க நடுவர் இல்லை. தாங்கிப் பிடித்தவர்கள் அவருடைய சொந்த நண்பர்கள். அவர்கள் வாய் திறந்திருக்கமாட்டார்கள். மூடுபனியில் நடந்ததை யார் கண்டார்? வாய்மூடி இருந்தால் பெயர் நிலைத்திருக்கும். நகரசபைத் தேர்தல் முதல் பள்ளிக்கூடப் பரீட்சை வரை எதிலும், கண்காணிப்பவர் முதுகைத் திருப்பிய கணத்தில் என்ன நடக்கிறது என்பதை நாம் அறியாதவர்கள் அல்ல. ஏழு நாள் பட்ட பாட்டை ஒரே வாக்கியத்தில் துறந்த அந்த அம்மையாரின் செய்கை, அவர் ஏறிய எந்த மலையையும்விட நமக்கு உயரமாகத் தோன்றுகிறது.

மறு வருஷம், 2021 ஜூனில், அவர் மறுபடியும் மூட் ஹாலிலிருந்து புறப்பட்டார். 5 நாள் 23 மணி 49 நிமிஷம் 12 விநாடி! ஆறு நாளுக்குள் முடித்த முதல் மனிதர் அவர். 'பெண்களில் முதல்வர்' என்று நாம் எழுதவில்லை. ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அதற்கு முன் 2019-இல் பால் டியர்னி என்பவர் ஆறு நாளும் ஆறு மணியும் சொச்ச நிமிஷங்களும் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு நாள் என்ற மதிலைத் தாண்ட அந்த அம்மையாருக்கு மிஞ்சியிருந்தது பதினோரு நிமிஷத்துக்குக் குறைவான அவகாசம். ஒரு தடவை வழி தவறியிருந்தால் போயிற்று. 2022 மே மாதத்தில் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் 5 நாள் 12 மணி 14 நிமிஷம் 43 விநாடியில் முடித்தார்.

'எல்லாம் சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் வக்கீல் வேலை செய்யப் போவதில்லை. உறக்கமும் ஆகாரமும் கெட்டு, தசையைக் கிழித்துக்கொண்டு ஓடுவது தேகாரோக்கியத்துக்கு உகந்ததென்று எந்த வைத்தியரும் சொல்லமாட்டார். பர்கின்ஷாவின் அயர்ச்சியை மறுபடியும் நினைவூட்டுகிறோம். இதை வாசித்துவிட்டு எந்தப் பிள்ளையாவது நாளைக் காலையில் கொல்லிமலைக்கு ஓடப் புறப்பட்டால், அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல. முதலில் ஒரு வருஷம் நடந்து பழகட்டும். வழி தெரிந்த துணையோடு போகட்டும். வனத்துறையாரின் அனுமதியையும் தாயாரின் அனுமதியையும் பெற்றுக்கொண்டு போகட்டும். இரண்டாவது அனுமதிதான் கிடைப்பது கடினம்.

ஆனால் ஒன்று. இன்றைக்கு வாலிபனுக்கு வேண்டிய பந்தயங்களை எல்லாம் பிறரே வகுத்துக் கொடுக்கிறார்கள். எந்தப் பரீட்சை, எத்தனை மார்க்கு, எந்த உத்தியோகம், எத்தனை சம்பளம் என்று எல்லாம் அச்சடித்து வருகிறது. அவன் ஓடவேண்டியதுதான் பாக்கி. தன் எதிரே உள்ள மலையைத் தானே பார்த்து, வழியைத் தானே வகுத்து, தோல்வியையும் தானே ஒப்புக்கொள்ளும் பழக்கத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? மலைதான் வேண்டும் என்பதில்லை. பதின்மூன்று வருஷம் இரவுதோறும் மேஜை முன் குனிந்திருந்த கெண்டல் நகரசபைக் கணக்கரும் இந்த ஜாதியைச் சேர்ந்தவர்தான். முதற் புத்தகத்தை அச்சுக்காரருக்குக் கடன் சொல்லித்தான் வெளியிட்டார். புத்தகங்களால் பிற்காலத்தில் வந்த பணத்தின் பெரும்பகுதியை அனாதைப் பிராணிகளைக் காக்கும் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு 1991-இல் காலமானார். அவருடைய அஸ்தியை, அவருக்கு மிகவும் பிடித்த ஹேஸ்டாக்ஸ் மலைமேல் தூவினார்கள்.

நெய்லர் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம், எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். அறுபதாவது வயதில் அறுபது சிகரங்களும், எழுபதாவது வயதில் எழுபது சிகரங்களும் ஏறியவர் அவர். எழுபது சிகரங்களுக்கும் அவருக்கு இருபத்தொரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே 1990-இல் அவர் ஒரு வழி வகுத்து வைத்தார். பூலி பிரிட்ஜ் என்ற ஊரில் தொடங்கி, முப்பது சிகரங்களைக் கடந்து, 48 மைலுக்கு அப்பால் வாஸ்டேலில் அவருடைய வீட்டுக்கு அருகிலுள்ள கிரீன்டேல் பாலத்தில் முடிவது. ஐம்பது வயதுக்காரர் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வயது ஏற ஏறக் காலமும் ஏறும். அறுபத்தைந்தைத் தாண்டியவருக்கு முழுசாக இருபத்துநான்கு மணி நேரம் சலுகை. ஏதேனும் ஒரு தர்மத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்து ஓடியவருக்கு ஈயக் குவளை ஒன்று உண்டு. நரைத்த தலைகள் அந்தியில் தள்ளாடிக்கொண்டு பாலத்தை நோக்கி இறங்கி வரும்போது, அந்தக் கிழவரே பாலத்தண்டை நின்று கைகுலுக்கி வரவேற்றது பல தடவை நடந்ததுண்டு.